விசிலுக்கு முன்னால்

ஆவுடைத்தாயைப் பற்றி நான் முதலில் எழுத நினைத்தது ஒரு புகார்க் கடிதம்தான். வேனில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் முதல் பத்தியை முடித்தும் விட்டேன். இருபத்தெட்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவளுக்குப் புகார் எழுதச் சொல்லியா தரவேண்டும்?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாண்டியராஜ் என்பவர் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு மட்டும் ஒரு வேன் விடுவார். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிக் குற்றாலத்தில் பேரருவி, அப்புறம் ஐந்தருவி. குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். கூடவே ஒரு பெண் வழிகாட்டியும் உண்டு. தண்ணீர் விழுகிற இடம் நமக்குத் தெரியாதா, அருவிக்கு எதற்கு வழிகாட்டி என்று கேட்டேன். என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெனிட்டா, "ஒரு நாளைக்காவது அந்த ஃபைலத் தூரப் போட்டுட்டு வாங்க மேடம்" என்று என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

அந்த வழிகாட்டிதான் ஆவுடைத்தாய். நாற்பது வயசைத் தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, இழுத்துச் செருகிய சேலை, தெருமுனைக் கூட்டத்தில் பேசுகிற தொண்டை. வேன் கிளம்பியதும் அவள் டிரைவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டாள். எங்கள் ஒவ்வொருவர் பையையும் திறந்து சோப்பு, ஷாம்பு, சிகைக்காய்ப் பொடி எல்லாவற்றையும் எடுத்து மஞ்சப்பையில் போட்டுக் கட்டினாள். அருவியில் அதெல்லாம் போடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என் பைக்குள் கைவிட இவள் யார் என்று சுருக்கென்றது.

"எல்லாரும் கேளுங்க. எங்கிட்ட என்ன கேக்கணும்னாலும் எம் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. பொறத்தால நின்னு பேசுனா எனக்குப் பிடிக்காது" என்றாள்.

மகாராணி உத்தரவு என்று நினைத்துக்கொண்டேன். புளியங்குடி தாண்டி அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபோது, பேரருவியில் எவ்வளவு நேரம் விடுவாய் என்று மூன்று முறை கேட்டேன். பதிலே இல்லை. கடையநல்லூரில் அலிமா பீவி என்ற அம்மா ஏறினார். அவரும் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, இவ்வளவு ஏத்தம்" என்று என்னிடம் முணுமுணுத்தார். தென்காசியில் டீ குடிக்க இறங்கியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ரோட்டோரம் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. நாங்கள் எல்லாரும் துள்ளி விலகினோம். அவள் அசையவில்லை. டிரைவர் சித்தீக் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி டீ கிளாசைக் கழுவி வைத்தாள்.

குற்றாலம் போய்ச் சேரும்போது விடிந்து நன்றாக வெளிச்சமாகிவிட்டது. சாரல் முகத்தில் அடித்தது. அருவிக்கு எதிரே எங்களை வரிசையாக நிற்கவைத்து அவள் விளக்கம் சொன்னாள்.

"மேல இருந்து தண்ணி நேரா நம்ம தலையில விழுந்தா கழுத்து முறிஞ்சிரும். அந்தா, நடுவுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, பொங்குமாகடல்னு பேரு. அதுல விழுந்து பொங்கித்தான் நமக்கு வருது. முக்காவாசி வேகத்த அது வாங்கிக்கிடும். மிச்சத்ததான் நாம தலையில வாங்குதோம்."

நன்றாகத்தான் சொன்னாள். எத்தனை முறை வந்திருக்கிறேன், அந்தப் பள்ளத்தை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். அதை எப்படிச் சொல்ல? முதுகில், தோளில், உச்சியில் யாரோ ஓயாமல் குத்துவது போல இருந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. அலுவலகமும் வீடும் முட்டிவலியும் எல்லாம் எங்கோ போய்விட்டன. சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சிரித்தேன்.

கொஞ்சம் விலகி மூச்சு வாங்கியபோது, பாறையில் ஏறி போட்டோ எடுத்த ஒரு பெண்ணைப் பார்த்துப் பெண் போலீஸ் விசில் அடித்தார். கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆவுடைத்தாய் மட்டும் திரும்பவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது முடிவாகத் தெரிந்துவிட்டது, இவளுக்குக் காது கேட்காது.

நான் திரும்பவும் தலையைக் கொடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. ஆவுடைத்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். எல்லாரும் வெளியே. தண்ணீரைக் காட்டினாள். லேசாகக் கலங்கியிருந்தது, நாலைந்து இலை வந்தது, அவ்வளவுதான். மற்ற ஊர்க்காரர்கள் ஜாலியாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மட்டும் பத்து நிமிஷத்தில் கரையேறி, நனைந்த கோழி மாதிரி நின்றோம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பதினைந்து அடி தள்ளி அவள் எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பெனிட்டாவைப் பிடித்துக்கொண்டேன். அருவி இரைச்சலில் பெனிட்டாவுக்கே சரியாகக் கேட்காது என்பதால் ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"ஏட்டி, இவளுக்குக் காது கேக்காது. செவிட்டுப் பொம்பளைய நம்பி நம்மள அனுப்பி வச்சிருக்கான். இன்னைக்கே பாண்டியராஜ்கிட்டச் சொல்லுதேன். அடுத்த வாரம் இவ இந்த வேன்ல ஏற மாட்டா."

சொல்லி முடித்துத் திரும்பினால் ஆவுடைத்தாய் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது, அவளுக்கு எப்படி என்று அப்போதும் நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

துணி மாற்றி வேனுக்கு நடக்கும்போது என் பக்கத்தில் வந்தாள். "யக்கா, ஒரு நிமிஷம்" என்று ஒரு பழக்கடை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீங்க சொன்னது சரிதான். எனக்குக் காது கேக்காது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"இருவத்திரெண்டு வருசம் பவர்லூம்ல கெடந்தேன்க்கா. முப்பது தறி ஓடுத செட்டு. அங்கன யாரு சத்தம் போட்டுப் பேசுவா? வாய அசைச்சாப் போதும். அந்தக் கடைசித் தறியில நிக்கவ காலையில என்ன கொழம்பு வச்சான்னு இந்தக் கடைசித் தறியில எனக்குத் தெரியும். நீங்க வேற அந்தப் பிள்ளைக்குப் புரியணும்னு நிறுத்தி நிறுத்திச் சொன்னீங்க."

செவிட்டுப் பொம்பளை என்ற வார்த்தையை என் வாயிலிருந்தே அவள் எடுத்திருக்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. 

அந்தப் பழக்கடை ஓரத்தில் அவள் சொன்னதுதான் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த கதை. சொந்த ஊர் மேலநீலிதநல்லூர். மானாவாரிக் காட்டில் மழை இல்லாத ஒரு வருஷம், பதினாறு வயதில் சங்கரன்கோவிலுக்குத் தறி ஓட்ட வந்தாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நடந்தன. காது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. தறிச் செட்டில் எல்லாருமே வாயைப் பார்த்துத்தான் பேசினார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் பிள்ளைகள் கூப்பிட்டுத் திரும்பாத நாளில்தான் புரிந்தது. முதலாளி தறிகளை விற்றபோது வேலையும் போனது. அதற்கு முந்தின வருஷம் தன் தெருப் பெண்களோடு குற்றாலம் வந்திருக்கிறாள்; அருவிச் சத்தத்தில் எல்லாரும் திணறியபோது இவள் ஒருத்திதான் அத்தனை பேரிடமும் பேசி, எண்ணி, பத்திரமாகக் கூட்டிவந்தாள். அதைக் கேள்விப்பட்டுப் பாண்டியராஜ் கூப்பிட்டிருக்கிறார். காது சமாச்சாரத்தை அவரிடம் அவள் சொல்லவில்லை. போன் வந்தால் சித்தீக்கிடம் கொடுப்பாள், இல்லையென்றால் வாட்சப்பில் எழுதச் சொல்லுவாள். மூன்று சீசன் அப்படியே ஓட்டிவிட்டாள்.

"வெள்ளம் வந்தா போலீஸ் அடிக்குத விசில் கேக்காதுன்னு தெரிஞ்சும் எங்களத் தண்ணிக்குள்ள விடுதியே, அது நியாயமா?" என்று கேட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருந்தது. அது நியாயமான கோபம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"விசில் கேக்கவங்க விசில் அடிக்கவரைக்கும் நிப்பாங்க. என்னால அது ஆகாது. அதனால நான் முன்னாலயே எடுத்திருவேன். தண்ணி நெறம் மாறுனா, இலை வந்தா, எடுத்திருவேன். முக்காவாசி நாளு வெள்ளம் வாரதில்ல. திட்டு வாங்குவேன். வாங்கிக்கிடுவேன்."

பிறகு தன் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள்.

"பாண்டியராஜ் அண்ணாச்சிக்குப் போட்டிருக்கேன். எம் முதுகுக்குப் பின்னால சொல்ல வேண்டாம். இங்கனயே சொல்லுங்க. அவரு என்ன சொல்லுதாருன்னு மட்டும் எனக்கு வாய அசைச்சிக் காட்டுங்க. போன்ல எனக்கு ஒண்ணும் வெளங்காது."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் எடுத்துவிட்டார். யார் பேசுகிறேன் என்று சொன்னேன். "என்ன மேடம், எதுவும் பிரச்சினையா?" என்றார்.

ஆவுடைத்தாய் ஒரு கை தூரத்தில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஆயுசில் என் வாயை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. வேனில் மனசுக்குள் எழுதிய பத்தியில் இருந்த பெரிய பெரிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"உங்க கைடுக்குக் காது கேக்காது" என்றேன்.

அவர் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "சத்தமாப் பேசுவான்னு தெரியும், இது தெரியாதே. போலீஸ் விசில் அடிச்சாக் கேக்காதா?"

அதை அவளுக்கு வாயசைத்துச் சொன்னேன். "கேக்காதுன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

"கேக்காதாம்."

"அப்ப எப்படி மேடம் அனுப்புதது? பன்னெண்டு பேரு உசுரு. நாளைக்கு ஒண்ணுன்னா எந்தலைதான உருளும்? நீங்களே சொல்லுங்க, அவள நம்பி இன்னொரு வாட்டி நீங்க வருவீங்களா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதையும் ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குச் சொன்னேன். அவள் இப்படிச் சொல்லுங்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வேலை இருக்கிறதா இல்லையா என்பது என் வாயில் இருந்தது.

எனக்கு அந்தப் பத்து நிமிஷம் நினைவுக்கு வந்தது. என் கத்தலே எனக்குக் கேட்காத இடத்தில் விசில் அடித்தால் மட்டும் எனக்குக் கேட்டிருக்குமா? அருவிக்கடியில் அத்தனை பேருக்கும் காது இல்லை. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பயந்தவள் அந்தக் கூட்டத்திலேயே அவள் ஒருத்திதான்.

"வருவேன். அடுத்த மாசம் எம் மக சென்னையில இருந்து வாரா. அவளையும் கூட்டிட்டு வருவேன்" என்றேன். "ஆனா ஒண்ணு. விசிலக் கேக்கன்னு ஒரு ஆளு கரையில நிக்கணும். அது இல்லாம இவள அனுப்பாதீங்க."

"யாரு மேடம் நிப்பா? குளிக்க வாரவங்க காவலுக்கு நிப்பாங்களா?"

"இன்னைக்கு ஐந்தருவியில நான் நிக்கேன். இனிமே வாரம் வாரம் வேன்ல அவளே கேட்டு ஒரு ஆள நிறுத்துவா. அப்படி யாரும் நிக்கலைன்னா தண்ணியில இறக்க வேண்டாம்."

அவர் யோசித்துவிட்டு, "சரி, அப்படியே செய்யச் சொல்லுங்க" என்றார். போனை வைத்து, அதையும் அவளுக்குச் சொன்னேன்.

ஆவுடைத்தாய் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கிவிட்டது. அன்று முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"எல்லார் முன்னாலயும் சொல்லணுமாக்கும்?"

வேலை போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவள் சேலை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வேனில் எல்லாரும் ஏறியதும் கம்பியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்து நின்றாள். 

"எனக்குக் காது கேக்காது. தறியில போயிருச்சி. கண்ணு நல்லாத் தெரியும். வாய் அசையதப் பாத்துப் புரிஞ்சிக்கிடுவேன். ஐந்தருவியில விசில் அடிச்சா எனக்குச் சைகை காட்ட இந்த அக்கா நிக்காங்க."

எல்லாருக்கும் முந்தி அலிமா பீவி அம்மாதான் வாயைத் திறந்தார்.

"யா அல்லா, அதான் மூணு தடவ கூப்பிட்டும் திரும்பலையா? நான் திமிருன்னுல்ல நெனச்சேன். அத முதல்லயே சொல்லுததுக்கு என்ன, புள்ள?"

வேன் முழுக்கச் சிரித்தது. ஆவுடைத்தாயும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக.

ஐந்தருவியில் எல்லாரும் தண்ணீருக்குள் போனார்கள். நான் உலர்ந்த சேலையோடு, போலீஸ் நிற்கும் இடம் தெரிகிற மாதிரிக் கரையில் நின்றேன். பத்து நிமிஷம் போதவில்லை என்று குதித்த நான் இங்கே ஒரு நிமிஷம்கூடக் குளிக்கவில்லை. பெனிட்டா கையைக் காட்டிக் கேலி செய்தாள். ஆவுடைத்தாய் தண்ணீரைப் பார்ப்பாள், பெண்களை எண்ணுவாள், என்னைத் திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று நான் தலையாட்டுவேன். இப்படி ஏழெட்டு முறை நடந்தது.

ஒன்பதாவது முறையோ என்னவோ, அவள் தன்னைக் காட்டினாள், அருவியைக் காட்டினாள், புருவத்தை உயர்த்தினாள். போ என்று கையை வீசினேன். அவள் தயங்கித் தயங்கிப் போய் விளிம்பில் நின்றாள். இன்னொரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கேயேதான் நின்றேன்.

தலையைத் தண்ணீருக்குள் கொடுத்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.