பிளாஸ்டிக் போட்ட சட்டம்

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளை எல்லோரும் லேமினேஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகல் எடுக்க இரண்டு மெஷின், டைப் அடிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர், காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடாக உருட்டித் தள்ள ஒரு லேமினேஷன் மெஷின், சுவரில் ‘சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல’ என்று ஒரு அட்டை. அவ்வளவுதான் கடை. ஆனால் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. முக்கியமான காகிதம் எது கண்ணில் பட்டாலும் அதை லேமினேட் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மகளின் தடுப்பூசி அட்டையிலிருந்து மூன்றாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கிய சான்றிதழ் வரை வீட்டில் எல்லாம் பளபளவென்று விறைத்துக்கொண்டு கிடக்கும். ஒருமுறை பால் அட்டையையும் உள்ளே தள்ளிவிட்டாள். மறுநாள் தேதி எழுதப் போன பால்காரர், பேனா வழுக்கி, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வருடம் அலைந்து ஓய்ந்த மகளுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. மருத்துவர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்க வேண்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும். அக்கா கடைத்தெருவிலேயே பெரிய கடைக்குப் போய்ப் புத்தம் புதிதாக ஒன்று வாங்கினாள். அன்று கடையில் நிற்க இடமில்லை. “வாரண்டி கார்டுக்கு நாளைக்கு வந்து சீல் வாங்கிக்கோங்கம்மா” என்றார் மேலாளர்.

அக்காவுக்கு நாளை வரை பொறுமை ஏது? வீட்டுக்குப் போகும் வழியில் தன் கடையைத் திறந்து, மெஷினைச் சூடாக்கி, வாரண்டி கார்டை உள்ளே தள்ளினாள். பில்லை மட்டும் தொடவில்லை. சூடு பட்டால் கறுத்துப்போகிற காகிதம் அது. அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தாள். தொழில் தெரிந்தவள் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் மகள் டைப் செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஏதோ முனகியது. வெளிச்சம் வரவில்லை.

“சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க, எங்க வேலை விக்கிறது மட்டும்தான்” என்றார் மேலாளர். சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இதுல கடை சீல் இல்லையே மேடம். சீல் வாங்கிட்டு வாங்க. அப்புறம் பார்க்க மூணு வாரம் ஆகும்.”

அக்கா மறுபடி கடைக்கு ஓடினாள். மேலாளர் சீலை மையில் ஒற்றிக் கார்டின் மேல் குத்தினார். மை பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொரு முறை குத்தினார். அவர் சட்டைக் கைதான் நீலமானது.

“யாரும்மா இதை லேமினேட் பண்ணச் சொன்னது?”

“பத்திரமா இருக்கட்டும்னு…”

“சீல் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. அங்க போர்டைப் பாருங்க.”

அவர் தலைக்கு மேல் அது தொங்கியது. ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது.’ சிவப்பு எழுத்து, கனமான பிளாஸ்டிக். அக்காவுக்குத் தலை சுற்றியது. கடை சர்வீஸைக் காட்டுகிறது, சர்வீஸ் சீலைக் கேட்கிறது, சீல் கார்டில் ஒட்டமாட்டேன் என்கிறது. இதில் யாரிடம் சண்டை போடுவது என்பதுகூட அவளுக்குப் புரியவில்லை. அதற்கு மேல், எல்லாம் தன் கை செய்த வினைதானோ என்ற குடைச்சல் வேறு.

வீட்டில் மகள் முகத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகம் கழுவினால் தெரியாதா என்ன? “திங்கட்கிழமை வேலைக்கு வரலைன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம்மா.” அக்காவின் கடைக் கம்ப்யூட்டரில் முயன்று பார்த்தார்கள். அந்த வேலைக்கான மென்பொருளைக் கண்டதுமே அந்தக் கிழட்டுக்கு மூச்சு நின்றுபோனது.

மறுநாள் காலை நுகர்வோர் உதவி மையத்து அதிகாரி வழக்கம்போல் நகல் எடுக்க வந்தார். பதிவு அலுவலகத்தின் பின்கட்டில் ஒரே ஒரு அறையில் இருந்து வேலை பார்க்கும் பெண்மணி. புகார்ப் படிவத்தில் நூறு பிரதி வேண்டும். அக்கா அந்தப் படிவத்தை ஏழெட்டு வருடமாக ஆயிரக்கணக்கில் நகல் எடுத்திருக்கிறாள். ஒருநாள்கூடப் படித்ததில்லை. அன்று மெஷின் தள்ளிய முதல் தாளில் ‘பழுதான பொருள்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டு, கை நின்றுவிட்டது.

“மேடம், கார்டை லேமினேட் பண்ணினது என் தப்புதான்…” என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

“பில் இருக்கா?”

“இருக்கு.”

“கீழ போட்டீங்களா? தண்ணி பட்டுச்சா?”

“ஐயோ, என் பொண்ணு கைக்குழந்தை மாதிரி வெச்சிருந்தா மேடம்.”

“அப்புறம் என்னக்கா? கார்டு கம்பெனி குடுக்கிற வாக்கு. அது கிடக்கட்டும். கெட்டுப்போன பொருளை வித்தா, வித்த கடையும் பதில் சொல்லணும். சரிபண்ணணும், இல்ல மாத்தித் தரணும், இல்ல பணத்தைத் திருப்பணும். வாங்கினதுக்கு பில்லு போதும்.”

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. “ஆனா போர்டு இருக்கே மேடம். எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்கு.”

“அந்த போர்டை யார் போட்டது? அரசாங்கமா?”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நான்தான்.”

உண்மை அதுதான். போன வருடம் மேலாளர் வந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தார். டைப் செய்து பார்த்தபோது தாள் வெறிச்சென்று இருந்தது. அழகுக்காக ‘எக்காரணம் கொண்டும்’ என்று நடுவில் சேர்த்தவளே அவள்தான். நேற்று அதைப் பார்த்துத்தான் நடுங்கிப்போய் வீட்டுக்கு வந்திருந்தாள்!

“நீங்க பிளாஸ்டிக் போட்டா சட்டமாயிடுமா?” என்று கேட்டு அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு, பில்லைப் பார்த்து அந்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கடையில் மேலாளர் மறுபடியும் விரலை மேலே தூக்கினார். “போர்டைப் பாருங்கம்மா.”

“பார்த்தேன் சார். அந்த ‘எக்காரணம் கொண்டும்’ நான் சேர்த்தது. தாள் காலியா இருந்துச்சு, அதான்.” சொன்னவள் பில்லையும் கடிதத்தையும் மேசையில் வைத்துவிட்டு, அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். சனிக்கிழமை மாற்று லேப்டாப் வந்தது. திங்கட்கிழமை காலை மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, அக்கா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஜெயித்தோமா, இல்லை கிடைக்க வேண்டியதுதான் கிடைத்ததா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடையைத் திறந்து மெஷினைப் போட்டவள், தன் சுவரைப் பார்த்தாள். ‘சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல.’

போன மழைக்காலத்தில் ஒரு பெண் தன் நர்சிங் சான்றிதழைக் கொண்டு வந்திருந்தாள். அசல். உருளையில் சிக்கி, சுருண்டு, பாதி எழுத்து பிளாஸ்டிக்கோடு உருகிப்போனது. அந்தப் பெண் கண் கலங்க நின்றபோது அக்கா விரலை மட்டும் மேலே தூக்கிச் சுவரைக் காட்டினாள். அந்தப் பெண் படித்தாள், தலையை ஆட்டினாள், போய்விட்டாள்.

அக்காவுக்கு அவமானமாக இருந்தது. முக்காலியில் ஏறி அட்டையைப் பிடுங்கினாள். கிழித்துப் போடப் பார்த்தாள், கிழியவில்லை. அத்தனை கெட்டியாகப் போட்டிருந்தாள். கத்தரியை எடுத்து நான்காக வெட்டிக் குப்பையில் போட்டாள்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போகலாம் என்று தோன்றியது. பெயர் என்ன? சான்றிதழின் நடுவில் கொட்டை எழுத்தில்தான் இருந்தது. அன்று அக்காவின் கைக்குள்தான் இருந்தது. அதையும் அவள் படிக்கவில்லை.