ஐயா வெள்ளையடித்த சுவர்

என் தம்பி சிவரூபன் பதினெட்டு வருசத்துக்குப் பிறகு லண்டனில் இருந்து வந்தது போன மார்கழியில். பெண்சாதி யசோதராவும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்தார்கள். மூத்தவள் நிருஜாவுக்கு ஏழு வயது, சின்னவன் டிலக்சனுக்கு நாலு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு அப்போதுதான் கிடைக்கும் என்பதால் மழைக்காலம் என்று தெரிந்தும் வந்தார்கள். வந்து இறங்கிய நாளில் இருந்து வானம் வெளிக்கவில்லை. சல்லி என்கிற எங்கள் கடற்கரை ஊரில், எங்கள் வீட்டில் ஒரு உடுப்பும் காயவில்லை. குசினிக்குள் கயிறு கட்டி அடுப்புச் சூட்டில் காயப் போட்டேன். லண்டன் பிள்ளைகள் இரண்டும் விறகுப் புகை மணத்தோடு திரிந்தார்கள்.

திரும்பிப் போக இரண்டு நாள் இருக்கும்போது தம்பி சொன்னான், நாளைக்கு ஐயாவின் சுவரைப் போய்ப் பார்ப்போம், பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்று. நான் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சுவரைப் பற்றி ஐயாவிடம் மூன்று வருசம் பொய் சொன்னவள் நான். அதே பொய்யைப் போனில் தம்பிக்கும் சொல்லியிருந்தேன். நாளைக்கு அவன் தன் கண்ணாலே பார்க்கப் போகிறான்.

எங்கள் ஐயாவின் பெயர் முருகேசு. கடல்தொழில். மாசி பிறந்து கடல் அடங்கினால் எங்கள் ஆட்கள் நிலாவெளிக்கு அங்கால் களப்பு கடலோடு சேருகிற வாய்ப் பக்கம் போய், ஓலையால் வாடி போட்டு, அங்கேயே தங்கித் தொழில் செய்வார்கள். வாடிக்குப் பின்னால் மேட்டில் ஒரு இடிந்த கோட்டை இருக்கிறது. பறங்கியர் கட்டியது என்று சிலரும் ஒல்லாந்தர் கட்டியது என்று சிலரும் சொல்லுவார்கள். எங்களுக்கு அது வெறும் கோட்டை. கடலைப் பார்த்தபடி ஒரு நீட்டுச் சுவரும் இரண்டு வளைவும்தான் மிச்சம்.

அந்தக் கரைக்கு முன்னால் தண்ணிக்குள் கல்லு. கல்லுகளுக்கு நடுவில் ஒரு வள்ளம் வருமளவுக்கு ஒரு வழி உண்டு. கோட்டைச் சுவரின் மூலையும் அதற்குப் பின்னால் நிற்கிற ஒற்றைப் பனையும் ஒரே நேருக்கு வந்தால் வள்ளம் அந்த வழியில் நிற்கிறது என்று அர்த்தம். எனக்கு ஆறு வயது நடக்கும்போது ஒரு பின்நேரம், மழை மூட்டத்தில் சுவர் எது வானம் எது என்று தெரியாமல், ஐயாவின் தமையன் சிவக்கொழுந்துப் பெரியப்பாவின் வள்ளம் கல்லில் அடிபட்டது. மூன்றாம் நாள்தான் அவர் உயிரில்லாமல் கரைக்கு வந்தார்.

அடுத்த மாசியில் ஐயா ஒரு வாளி சுண்ணாம்பும் பூசுவதற்கு ஒரு பழைய தும்புத்தடியும் கொண்டு கோட்டைக்குப் போனார். கோயில் வேலைக்குப் போகிற மாதிரி முழுகி, திருநீறு பூசி, தோய்த்த சறம் கட்டிக்கொண்டு போனார். கடலுக்குத் தெரிகிற மூலையை மேலிருந்து கீழ்வரைக்கும் வெள்ளையடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் எங்கள் ஆட்களின் வள்ளம் அடிபடவில்லை. அம்மன் கிருபை என்று ஐயா சொல்லுவார். வெள்ளையடித்ததைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டார்.

ஒவ்வொரு மாசியும் அப்படித்தான். சுண்ணாம்பைக் கையாலேயே கரைப்பார், கையாலேயே கல்லு இடுக்குகளுக்குள் அப்புவார். அதனால் உள்ளங்கை வெந்து வெடித்துவிடும். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு கையைத் தூக்கிப் பிடித்தபடி திரிவார். குழம்பு பட்டால் எரியும் என்று சோற்றில் கை வைக்க மாட்டார். அம்மாதான் குழைத்து உருண்டை பிடித்து ஊட்டுவா. அவ்வளவு பெரிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். நானும் தம்பியும் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். எங்கள் வீட்டில் மாசி மாதம் என்றால் எனக்கு இப்போதும் அந்த எண்ணெய் மணம்தான் ஞாபகம் வரும்.

சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாலு வருசம் மட்டும் சுவர் கறுத்துப் போனது. திரும்பி வந்தபோது கோட்டைக்குள் ஆமிக்காரர் காவலுக்குச் சென்றி போட்டிருந்தார்கள். போகாதே என்று அம்மா அழுதா. ஐயா வாளியோடு போனார். துவக்கை நீட்டிக்கொண்டு கேட்டார்களாம். ஐயாவுக்குச் சிங்களம் தெரியாது. இரண்டு கையையும் சேர்த்து வள்ளம் மாதிரிப் பிடித்து, அங்கே கிடந்த கல்லில் கொண்டுபோய் இடித்துக் காட்டி, பிறகு சுவரைக் காட்டி, கும்பிட்டாராம். ஒரு சின்னப் பொடியன், ஆமிக்காரன்தான், அவனும் கடற்கரை ஊர்க்காரனாக இருக்க வேண்டும், விளங்கிக்கொண்டான். அடுத்த மாசியில் ஐயா போனபோது அவனே ஏணியைக் கொண்டுவந்து வைத்துப் பிடித்தானாம். அந்தப் பிள்ளையின் பெயர் ஐயாவுக்குத் தெரியாது. ஆனால் விளக்கு வைத்துக் கும்பிடும்போது, ஏணி பிடித்த பிள்ளையும் நல்லா இருக்க வேண்டும் என்று சொல்லிக் கும்பிடுவார்.

கடைசியில் ஐயா இடுப்பு விழுந்து கட்டிலோடு ஆனார். அம்மா அதற்கு முந்தியே போய்விட்டா. பார்க்க இருந்தது நான் ஒருத்தி. மாசி வந்ததும் சுவர், சுவர் என்று கேட்கத் தொடங்கினார். நான் அடித்துவிட்டு வருகிறேன் ஐயா என்று வாளியும் சுண்ணாம்பும் கொண்டு பஸ்ஸில் போனேன். கோட்டைக்கு முன்னால் புதிதாக ஒரு போர்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசித்தேன். இது பழைய காலத்து இடம், இதைச் சேதப்படுத்துவதும் நிறம் பூசுவதும் குற்றம், தண்டனை உண்டு என்று இருந்தது. வாளியைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்து, அடித்துப்போட்டேன் ஐயா, நல்ல வெள்ளையாக நிற்கிறது என்று சொன்னேன்.

இப்போது எல்லாரும் வழி பார்ப்பது போனில்தான், சுவர் வெள்ளையோ கறுப்போ என்று பார்க்க ஆளில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சூடை மீன் குழம்பு. குழைத்து ஊட்டினேன். ஐயா சாப்பிட்டுவிட்டு, "கைக்கு எண்ணெய் பூசு பிள்ளை" என்றார். ஓம் ஐயா என்றேன். அடுத்த வருசமும் அதே பொய். அதற்கடுத்த வருசமும் அதே. அந்த ஆடியில் கண்ணை மூடினார். தம்பிக்கு விசாச் சிக்கல், செத்தவீட்டுக்கு வரக் கிடைக்கவில்லை. அவன் போனில் அழுதுகொண்டு, ஐயாவின் சுவரையாவது ஒருநாள் வந்து பார்ப்பேன் என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சுவரைப் பார்க்கப் போகிற நாள் காலையில் அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தி, வான் வண்டி போக முடியாதபடி மழை பெய்ய வேண்டும் என்று கேட்டேன். கேட்டதும் பயம் வந்தது. என் பொய்யை மறைக்க ஊரை வெள்ளத்தில் விடச் சொல்லி அம்மனிடம் கேட்கலாமா? பிறகு ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு, சோற்றைக் கட்டினேன்.

கிண்ணியாவில் இருந்து வந்த றம்ஸானின் வானில் போனோம். முதலில் பட்டினத்துக் கோட்டைக்குப் போய்க் கோணேசரைக் கும்பிட்டோம். மழையில் நனைந்துகொண்டு நின்ற மானுக்கு டிலக்சன் தன் பிஸ்கட் எல்லாவற்றையும் கொடுத்தான். அதற்குப் பிறகு கன்னியாய் வெந்நீர்க் கிணறும் அங்கே இடிந்து கிடக்கிற பழைய கட்டடமும். பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். நுளம்பு கடித்துக் காலெல்லாம் தடிப்பு, சப்பாத்துக்குள் தண்ணி. நிலாவெளி தாண்டும்போது இரண்டும் என் மடியில் பக்கத்துக்கு ஒன்றாகச் சரிந்து கிடந்தன. பிள்ளைகள் பாவம், திரும்புவோம் தம்பி என்று இரண்டு தரம் சொன்னேன். வந்தது வந்தோம் என்றான்.

மணல் ரோட்டில் வான் புதைந்து நின்றது. "அண்ணன், ஒல்லாந்தர் இந்தக் கோட்டையக் கட்டக்குள்ள வான் வாறதுக்கு இடம் விடல்ல. நீங்க நடந்து போங்க, நான் இதக் கிளப்பிக்கிட்டு இருக்கன்" என்று றம்ஸான் சொன்னான். தம்பி சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டான். சோற்றுப் பையும் குடையுமாக யசோதரா பின்னால் வந்தாள். நிருஜா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேட்டில் கோட்டையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"மாமி, இதுவும் உடைஞ்சதோ?"

ஓம் என்றேன். ஏன் எல்லாம் உடைஞ்சதையே காட்டுறீங்கள் என்று கேட்டாள். மான் இருக்குமோ என்று மேலேயிருந்து சின்னவன் கேட்டான். தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைச் சுற்றிக் கடல் பக்கம் போக இன்னும் இருபது அடிதான்.

மூலை கறுப்பாக நின்றது. மழையில் ஊறிய பாசி மேலிருந்து கீழ்வரைக்கும் படர்ந்திருந்தது. வெள்ளை என்று சொல்ல ஒரு பொட்டும் இல்லை. தம்பி அதன் கிட்டப் போனான். அதற்கு மேல் என்னால் தாங்க ஏலவில்லை.

"தம்பி, நான் ஒருக்காலும் இதுக்கு வெள்ளையடிக்கேல்லை. போர்டைப் பாத்துப் பயந்து திரும்பி வந்தனான். ஐயாட்டைப் பொய் சொன்னனான். உன்னட்டையும்தான்."

அவன் சின்னவனை வளைவுக்குக் கீழே நனையாத இடத்தில் இறக்கிவிட்டான்.

"ஐயாவுக்குத் தெரியும் அக்கா" என்றான்.

நான் நம்பவில்லை. என்னைத் தேற்றச் சொல்கிறான் என்று நினைத்தேன். பிறகு அவன் சொன்னான். முதல் வருசமே ஐயா போனில் அவனுக்குச் சொல்லிவிட்டாராம். நான் கிணற்றடியில் நின்ற நேரமாக இருக்க வேண்டும். ஐயா சொன்னதை அவன் ஐயாவின் குரலிலேயே சொன்னான்.

"'உன்ரை அக்கா மலர், சுவருக்கு வெள்ளையடிச்சனெண்டு சொல்லுறாள். ஆனா சூடை மீன் குழம்பைக் கையாலை குழைச்சு ஊட்டுறாள். சுண்ணாம்பு தொட்ட கை குழம்புக்குள்ளை போகுமோடா? நீ அவளிட்டை ஒண்டும் கேளாதை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, கஷ்டப்பட்டுச் சொல்லியிருக்கிறாள்.'"

நான் என் கையைப் பார்த்தேன். மூன்று மாசியும் இந்தக் கையாலே குழம்பைக் குழைத்து ஊட்டியிருக்கிறேன். எண்ணெய் பூசு பிள்ளை என்று மூன்று வருசமும் சொன்னார். மறதியில் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, வெந்த கைக்குக் குழம்பு ஆகாது என்பது ஞாபகம் வராமல் போயிற்றே.

கோபப்பட்டவரோ என்று கேட்டேன்.

"இல்லை, சிரிச்சவர். பிறகு கொஞ்ச நேரம் பேசேல்லை."

அந்தக் கொஞ்ச நேரத்தில் ஐயா என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. தமையனை நினைத்திருப்பார். கறுத்துப் போன சுவரை நினைத்திருப்பார். என்னையும் நினைத்திருப்பார். அதை அறிய எனக்கு இனி வழியில்லை. அம்மனிடம் விட்டுவிட்டேன்.

இதற்குள் நிருஜா ஒரு சிப்பியை எடுத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். யசோதரா ஓடிவந்து, போர்டைப் பார்க்கவில்லையா என்று அவளை அதட்டினாள். "மாமி, உள்ளுக்கு வெள்ளை இருக்கு" என்றாள் பிள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தேன். பாசி போன இடத்தில், ஒரு சதக் காசு அளவுக்கு, சுண்ணாம்பு. ஒன்றின் மேல் ஒன்றாகப் படை படையாக, விரல் தடிமனுக்கு இருந்தது. ஒவ்வொரு படையும் ஐயாவுக்கு அம்மா சோறு ஊட்டிய ஒரு கிழமை. தம்பி உள்ளங்கையை அதில் வைத்தான். இது அப்பப்பா அடித்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னான். எதற்கு அடித்தவர் என்று நிருஜா கேட்டாள். பெரியப்பாவின் கதையை அவன் சொல்லத் தொடங்கினான். களைத்திருந்த பிள்ளைகள் இரண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்கள். ஏணி பிடித்த ஆமிக்காரனின் இடம் வந்தபோது மட்டும் டிலக்சன் கண்ணை முழித்துப் பார்த்தான்.

மழை பெலத்துவிட்டது. எல்லாரும் வளைவுக்குக் கீழே ஒதுங்கினோம். பசி என்று சின்னவன் அழுதான். வளைவில் இருந்து வடிந்த மழைத் தண்ணியில் கையைக் கழுவி, பையை அவிழ்த்தேன். பிள்ளைகளுக்குச் சொதியும் பருப்பும் போட்டுக் குழைத்து, உருண்டை பிடித்து ஊட்டினேன். பாதியில் டிலக்சன் வாயில் சோற்றோடு தாயின் மடியில் நித்திரையாகிவிட்டான்.

பெரிய ஆட்களுக்குக் கட்டிக்கொண்டு வந்தது சூடை மீன் குழம்புதான். அதைச் சோற்றில் விட்டுக் குழைத்தேன். தம்பி எனக்கு முன்னால் ஈரக் கல்லில் குந்தினான்.

"எனக்கும் ஒரு வாய் தாங்கோ அக்கா."

அவனுக்கு நாற்பத்தைந்து வயது. ஐயா மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். நிருஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊட்டினேன். மென்றுகொண்டிருக்கும்போது அவன் கண்ணால் தண்ணி ஓடியது. குழம்பு உறைப்பு என்றான்.

ஓம், இன்றைக்குக் கொஞ்சம் உறைப்புத்தான் என்றேன். அடுத்த உருண்டையைப் பிடித்தேன்.