தங்கம் சிவந்த வியாழக்கிழமை

ஜேர்மனியின் ஆஹென் நகரில் கண்ணாடிப் பொறியியல் படித்த இரண்டாம் வருடத்தில்தான் ஓர் இரசாயனவியலாளரைப் பற்றி வாசித்தேன். முந்நூறு வருடத்துக்கும் முந்தியவர். ஒரு சிற்றரசரின் அரண்மனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். பிராண்டன்பேர்க்கை ஆண்டவர் அவருக்கு ஆய்வுகூடம் வைக்க ஒரு தீவையே கொடுத்தார். பிறகு அந்த ஆய்வுகூடம் எரிந்துபோனது, கொடுத்தவரும் இறந்துபோனார். மனிதர் சோர்ந்துவிடவில்லை. சுவீடன் அரசரிடம் போய்ச் சேர்ந்து பிரபுப் பட்டமும் வாங்கிவிட்டார்! கண்ணாடி பற்றித் தடித்த புத்தகம் ஒன்றும் எழுதினார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்த, தங்கம் போட்ட சிவப்புக் கண்ணாடியின் செய்முறையை மட்டும் அதில் சொல்லவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு வெறி பிடித்தது. என்னோடு படித்த கோயம்புத்தூர்க்காரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அவர் சொல்லலைன்னா என்ன? இப்போ எல்லா ரிசர்ச் பேப்பர்லயும் இருக்கு. ட்ரை பண்ணிடலாம்பா" என்றாள்.

வியாழக்கிழமை உலை சும்மா இருக்கிறது என்றார் ஆய்வுகூடப் பொறுப்பாளர். தங்க உப்புத்தான் இல்லை. வாங்குவதென்றால் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதிப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்னிடம் ஒற்றைத் தங்கத் தோடு ஒன்று இருந்தது. அதன் சோடியை நீச்சல் தடாகத்தில் தொலைத்திருந்தேன். ஹம் நகரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அம்மாவை அவரது இடைவேளையில் அழைத்தேன்.

"அம்மா, அந்த ஒற்றைத் தோட்டைக் கரைக்கப் போறன்."

"என்னத்துக்கு?"

"சிவப்புக் கண்ணாடி செய்ய."

"தங்கம் போட்டால் மஞ்சளாத்தானே வரும்?"

"இல்லையம்மா, சிவப்பா வருமாம்."

"வராட்டில்?"

"தோடும் போச்சு."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சரி, செய். ஆனா நான் பார்க்க வேணும். வியாழன் எனக்கு லீவு, வாறன்."

புதன்கிழமை, தங்கத்தையும் கரைக்கும் அமிலமான இராச திராவகத்தில் தோட்டைப் போட்டோம். அது நுரைத்து நுரைத்து மஞ்சள் தண்ணீராகிவிட்டது. தங்கத்தில் கலந்திருந்த வெள்ளி வெண்மாவாக அடியில் தங்க, அதை வடித்தோம். மஞ்சள் தண்ணீரில் சில துளிகளை மட்டும், கொஞ்சம் வெள்ளீயத்தோடு, மணல் கலவையில் விட்டுக் காயவைத்தோம். மறுநாள் விடியவே உருக்கும் கிண்ணத்தை உலைக்குள் வைத்தாயிற்று.

அம்மா வந்தபோது நாங்கள் உருகிய கண்ணாடியை ஊற்றிக்கொண்டிருந்தோம். பாதுகாப்புக் கண்ணாடியை மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஐந்து வில்லைகள். ஆறும்போது ஒன்று டப்பென்று வெடித்தது. மற்ற நான்கும் பளிங்காக இருந்தன.

"தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார் அம்மா.

இப்படித்தான் முதலில் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மறுபடி சூடாக்கினால்தான் நிறம் வரும். ஆனாலும் தோழியின் முகம் விழுந்துவிட்டது. நான்கையும் சிறிய உலைக்குள் வைத்தோம். கால் மணித்தியாலம் கழித்து இடுக்கியால் ஒன்றை வெளியே எடுத்தேன். ஓரத்தில் மெல்லிய ரோசா நிறம்.

"ஐயோ, வருது! வருதுடீ!" தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இடுக்கி ஆடியது.

"பிள்ளை, போட்டுடாதை! திரும்ப உள்ள வை!" அம்மா எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார்.

அடுத்த முறை எடுத்த மூன்றும் மாதுளம் முத்தின் சிவப்பு. மூன்று பேரும் குதித்தோம். ஏதோ விபத்து என்று நினைத்துப் பொறுப்பாளர் ஓடிவந்தார். ஒரு வில்லை ஆறியதும் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், வெகுநேரம் கையிலிருந்து இறக்கவேயில்லை. அந்தக் களேபரத்தில் உலையில் மறந்துவிட்ட ஒன்று ஈரல் நிறமாகிவிட்டது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. தீவில் அந்த மனிதரும் இப்படித்தான் கத்தியிருப்பாரோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்கும் உலை சும்மாதான் இருக்கிறது" என்றார் பொறுப்பாளர்.

"எட்டு மணிக்கா, ஏழுக்கா?" தோழி உடனே பதிவுப் புத்தகத்தை எடுத்தாள்.

அம்மா என்னைத் தனியே இழுத்தார். "நாளைக்கு வேலைக்கு வர ஏலாது எண்டு நான் ஒருக்காச் சொல்லிப் பார்க்கட்டோ?"