ஹாரோ மேட்டில் ஏறிய கார்

மின்சாரக் காரைத் தெருவில் கண்டால் ஆட்கள் நின்று சிரித்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. எங்கள் சித்தி வேலை செய்த சிறு நிறுவனம், பெங்களூரில் செய்த குட்டிக் கார்களைக் கப்பலில் இறக்கி லண்டனில் விற்றது. இந்த நாட்டில் அப்படி விற்கத் துணிந்த முதல் ஆட்களில் அவர்களும் உண்டு என்று சித்தி பெருமையாகச் சொல்லுவார். கார் எங்கள் உயரத்துக்கு அளவாக இருந்ததே எங்களுக்குப் பெருமை.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, கிங்ஸ்பரியில் எங்கள் தெருமுனை வீட்டுக்காரரிடம் காட்டுவதற்காகச் சித்தி ஒரு காரைக் கொண்டுவந்தார். அவர் மலேசியத் தமிழர், ஓய்வுபெற்ற கணக்காளர். காரை மூன்று முறை சுற்றிவந்தார்.

"தனியா போனா ஓடும்மா. நாலு பேரோட ஹாரோ மேட்டுல ஏறுமா?"

"ஏறும் ஐயா. ஏறிக் காட்டுறன்," என்ற சித்தி, ஆள் போதாமல் எங்கள் இருவரையும் பின்னால் அடைத்தார்.

அடிவாரத்தில் கார் துள்ளிக்கொண்டுதான் கிளம்பியது. பாதி வழியில் தளர்ந்துவிட்டது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. சித்தி ரேடியோவை நிறுத்தினார். பிறகு ஹீற்றரையும் நிறுத்தினார். நடைபாதையில் நாயோடு போன ஒருவர் எங்களை முந்தினார்.

"சித்தி, ஏலுமே?"

"ஏலும், ஏலும். கதைக்காதை!"

நானும் தங்கையும் முன் இருக்கைகளைக் கையால் தள்ளினோம். கார் நகர்வதே அதனால்தான் என்று நம்பினோம். ஐயாவும் தன்னை அறியாமல் டாஷ்போர்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். மேட்டின் உச்சியிலிருந்த தேவாலயக் கோபுரம் தெரிந்ததும் தங்கை வீரிட்டாள்.

"ஏறிடுச்சும்மா!" என்று அவளைவிடப் பலமாகக் கத்தினார் ஐயா.

உச்சியிலேயே வாங்குவதாகச் சொல்லிவிட்டார். "இதோட பேட்டரியெல்லாம் யாரு பார்த்தது?"

"நான்தான் ஐயா."

"அப்போ நீங்க இன்ஜினியர்னு சொல்லுங்க!" என்று சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வந்து அவர் தன் வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் சித்தி ஸ்டியரிங்கை விடவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அந்த நிறுவனம் பின்னாளில் மூடப்பட்டது. சித்தி ஊரில் இன்ஜினியராக இருந்தவர், லண்டனில் பல வருடம் கடையில் சாமான் அடுக்கியவர், அன்றுவரை இங்கே ஒருவரும் அவரை அந்தச் சொல்லால் அழைத்ததில்லை என்பதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகே தெரியும். அன்று, அவருக்குக் குளிர் தாங்கவில்லை என்று நினைத்து என் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கி, பாதி விரல்வரை மாட்டிக்கொண்டார்.