லூசியம்மாள் மொழிபெயர்க்கிறாள்

கீரைக்காரன் "தாஜா ஹை, தாயி", புதுசு அக்கா, என்று சொல்லி வாயை மூடுவதற்குள் லூசியம்மாளின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். சத்தம் வராது. அவன் சொன்னதை ஆப்பிரிக்கப் பாஷை ஒன்றில் சொல்லிப் பார்க்கிறாள். பஸ் கண்டக்டர் முன்னால் நகரச் சொல்லி "ஆகே சலோ" என்றாலும் அசையும். பம்பாயின் செம்பூர் ஸ்டேஷன் ஒலிபெருக்கி வண்டி தாமதம் என்றாலும் அசையும். எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும் மோதிக்கொள்ளும் நாட்களில் அந்த உதடுகளுக்கு ஓய்வே கிடையாது. அப்போது மாமியார் பேச்சு சுருங்கியும் மருமகள் பேச்சு நீண்டும் பெயர்கிறது என்பது என் சந்தேகம்.

பழக்கம் அப்படி. மலாவி நாட்டு ஏரிக்கரை ஊர் ஒன்றில் கணவர் தனசீலன் தமிழில் பிரசங்கம் செய்ய, பக்கத்தில் நின்று அதை அந்த ஊர்ச் சிச்சேவா பாஷையில் சொன்னவள் இவள். டிராம்பே பக்கம் வெல்டராக இருந்தவர் தனசீலன். ஒரு நாள் நெருப்புப் பொறிகளுக்கு நடுவே ஊழியத்துக்கு அழைப்பு வந்தது என்று வேலையை உதறி, ஒரு மிஷனில் சேர்ந்து, மனைவியோடு விமானம் ஏறிவிட்டார். அங்கே வார நாட்களில் ஊர்க்காரர்களுக்கு வெல்டிங், ஞாயிற்றுக்கிழமை வேதம். இரும்பு அவர் சொன்னதைக் கேட்டது, பாஷை கேட்கவில்லை. வணக்கம், நன்றி, மீன் நல்லதா என்ற சொற்களை வைத்துக்கொண்டே தலை நரைத்துவிட்டார். லூசியம்மாளோ மீன் விற்கும் பெண்களோடு கரையில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்தபடியே பாஷையையும் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

இப்போது மிஷன் கொடுத்த விடுப்பில் வந்து, செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில், துபாய் போயிருக்கும் தம்பியின் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். "அந்த ஏரிக்குள்ள நம்ம பம்பாயத் தூக்கிப் போட்டா முங்கிரும் ஆச்சி" என்பாள் என்னிடம். குமிழிகூட வராது என்று நானே சேர்த்து நாலு பேரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே கொசு சிட்டுக்குருவி அளவு. அது அவள் சொன்னது. நான் சொல்லும்போது மைனா.

இங்கே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த தரையையே மறுபடி துடைப்பாள். மக்காச்சோள மாவில் களி கிண்டி, ஒரு வாய் தின்று, "அந்த மாவு மாதிரி இல்ல" என்று எழுந்துவிடுவாள். பிற்பகலில் டிராம்பே பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்திலும் இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருவாள். எதற்கடி இந்தச் சவாரி என்று கேட்டேன்.

"பஸ்ஸுல இருந்தா எங்கயோ போற மாதிரி இருக்குல்லா ஆச்சி. வீட்டுல இருந்தா வந்துட்ட மாதிரி இருக்கு."

வந்துவிட்ட மாதிரி இருப்பதுதான் அவள் பயம். தாராவித் தமிழ்ச் சபையின் போதகர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்குத் தனசீலனைக் கேட்கிறார்கள். அவருக்கு முழங்கால் வலி, பிறந்து வளர்ந்த தாராவி, சம்மதம் நாக்கு நுனியில் நிற்கிறது. லூசியம்மாளுக்கு ஏரிக்கரைக்குத் திரும்ப வேண்டும்.

"அங்க நான் லூசி. இங்க வந்தா ஐயரம்மா" என்றாள்.

திருநெல்வேலிச் சபைக்காரர்களுக்குப் போதகர் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. பிராமணக் குடும்பங்கள் நிறைந்த மாட்டுங்காவில் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பவர்கள் வேறு. மேல்மாடிக்கு ஒரு ஐயரம்மா வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மாட்டுங்காவிலிருந்து என்னைப் பார்க்க வந்த பார்வதி மாமி வெற்றிலையும் குங்குமமுமாகப் படியேறிப் போனார். கதவைத் திறந்தவளின் வெறும் நெற்றியைக் கண்டு விழித்தார். "வெத்தலைய வச்சிட்டுப் போங்கம்மா, எங்களுக்கும் வாய் செவக்கும்" என்றாளாம் லூசியம்மாள்.

தாராவி ஐயரம்மாவுக்கு வேலை இல்லாமலில்லை. பெண்கள் சங்கம் உண்டு, வீடு வீடாகப் பிறந்தநாள் ஜெபம் உண்டு, முன்வரிசையில் நாற்காலி உண்டு. மைக் கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனசீலன் அங்கே பிரசங்கம் செய்தார். கேக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லி நானும் போயிருந்தேன், பிஸ்கட்தான் கொடுத்தார்கள். அந்தச் சபையின் இளசுகளுக்குப் பிரசங்கத் தமிழ் பிடிபடாது, இந்தியில் சொல்ல ஆள் வேண்டும். ஐயாவுக்கு வழக்கமாகப் பெயர்ப்பவள் இருக்கிறாளே என்று லூசியம்மாளை மேடையேற்றினார்கள்.

"பிரியமானவர்களே" என்றார் தனசீலன். அவள் அதை இந்தியில் சொன்னாள். எரிகிற முட்செடியிலிருந்து கர்த்தர் மோசேயைக் கூப்பிட்டதைச் சொல்லி, "பாதரட்சைகளைக் களைந்துவிட்டு வா, இது பரிசுத்த ஸ்தலம் என்றார் கர்த்தர்" என்று நிறுத்தினார்.

லூசியம்மாள் மைக்கை எடுத்தாள். உங்கள் வீட்டில் செருப்பைக் கழற்ற இடம் எங்கே இருக்கிறது என்று இந்தியில் கேட்டாள். ஏணிப்படிக்குக் கீழே விட்டுவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் அது இன்னொருவர் காலில் மாஹிம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றாள். "அதனால் பிரபு என்ன சொல்கிறார்? சப்பல் பெஹன்கே ஆ ஜாவ். சலேகா." செருப்போடேயே வா, பரவாயில்லை.

பின்வரிசை கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுனிதா, வங்கியில் வேலை பார்க்கும் பெண், துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

மலாவியாக இருந்தால் ஐயா நிம்மதியாக அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். தாராவியில் பிறந்த வெல்டருக்கு இந்தி தெரியும் என்பதை, மேடையேறிய வேகத்தில் லூசியம்மாள் மறந்தே போனாள். தனசீலன் மெல்லத் திரும்பினார். மைக் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அதச் சொல்லலியே, லூசி."

"நீங்க சொல்ல வந்தது அதான்னு நெனச்சேன்."

சபை சிரித்த சிரிப்பில் தகரக் கூரை ஒரு சாண் எழும்பி இறங்கியது. சிரிக்காதவர் ஒருவர்தான், சபைப் பெரியவர் வேதமாணிக்கம். "கர்த்தர் சலேகான்னு சொல்லுவாராய்யா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

எங்கள் அடுக்களைச் சன்னலும் அவர்கள் அடுக்களைச் சன்னலும் ஒரே குழாய்ச் சந்துக்குத் திறப்பவை. அன்று சாயங்காலம் நான் ஒட்டுக்கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன், அவ்வளவுதான்.

"அங்கயும் இப்படித்தானா?" என்றார் தனசீலன்.

அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் வேகமாயிற்று.

"பொண்டாட்டியப் போட்டு அடிப்பானே அந்த மீன்காரன், கரையில முழங்கால் போட்டு அழுதானே. நான் நோவா பேழையப் பத்தில்லா பேசுனேன். பேழையோட அளவு சொன்னதுக்கு ஒருத்தன் ஏன் அழுதான்னு எத்தன வருசம் யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

"நானும் பேழையத்தான் சொன்னேன். வெள்ளம் வந்தா அவளையும் ஏத்திக்கிடுவியா, கரையிலயே விட்டுருவியான்னு கேட்டேன்."



"அப்ப நான் பேசுனது ஒண்ணும் அங்க போய்ச் சேரல."

"ஏன் சேரல? 'பிரியமானவர்களே'ன்னு சொல்லுவியள்லா. அத ஒரு நாளும் நான் மாத்துனது கெடையாது."

அந்த வாரம் டிராம்பே பஸ் போதாமல் தேவ்நார் பஸ்ஸிலும் ஏறினாள். அவள் வீடு திரும்பினால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார். அவர் படியேறினால் அவள் ஏதோ வாங்க மறந்தவளாகக் கடைக்குப் போவாள்.

சனிக்கிழமை வேதமாணிக்கம் முடிவு கேட்க வந்தார். கறிவேப்பிலை கேட்டு மேலே போயிருந்த நான், அது கைக்கு வந்த பிறகும் நாற்காலியை விடவில்லை.

"இந்தியில சொல்லுததுக்குச் சுனிதா இருக்கா ஐயா. சொன்னதச் சொன்னபடி சொல்லுத பிள்ள. ஐயரம்மா இனி செரமப்பட வேண்டாம், பெண்கள் சங்கத்தப் பாத்துக்கிடட்டும். மிஷனுக்கு எழுதிப் போட்டுறலாம். ஒங்க வார்த்தைதான் பாக்கி."

டீத் தட்டோடு வந்த லூசியம்மாள் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தனசீலன் தொண்டையைச் செருமினார். ஊழியக்காரனுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இல்லை என்றார். கர்த்தர் ஒரு வாசலைத் திறந்தால் அதற்குள் ஆயிரம் வாசல் இருக்கும் என்றார். பாரம் எந்தத் தோளில் வைக்கப்பட்டதோ அந்தத் தோளுக்குத்தான் அதன் கனம் தெரியும் என்றார். வனாந்தரம், மேகத்தூண், எரிகோ மதில் என்று சுற்றி வந்து, மூச்சு வாங்கி, நிறுத்தினார்.

அதற்குள் சம்மதம் இருந்ததா, மறுப்பு இருந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. வேதமாணிக்கத்துக்கும் விளங்கவில்லை. அவர் அடுக்களை வாசலைப் பார்த்தார்.

"ஐயா என்ன சொல்லுதாவ?"

"நாங்க திரும்பிப் போறோம்னு சொல்லுதாவ" என்றாள் லூசியம்மாள்.

 இல்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று வேதமாணிக்கம் தனசீலன் முகத்தையே பார்த்திருந்தார்.  தனசீலன் சோபாவில் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஓரமாக நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டார்.