இடப்பக்கக் கதவு

கட்டுகஸ்தோட்டையில் என் டயர் கடைக்கும் ரஸீன் நானாவின் வாகன முற்றத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரச் சுவர்தான். அதனால் அவர் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் அழகை வருடக் கணக்காகக் காசு கொடுக்காமல் கேட்டு வந்திருக்கிறேன்.

பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்பது அவர் தொழில். மற்றவர்கள் ஓட்டையை அடைத்து, மேலே பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி என்று சத்தியம் செய்வார்கள். இவர் தலைகீழ். வந்தவன் காரைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்போதே அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குறை இருக்கும் இடத்தில் வைப்பார். தகடு துருப்பிடித்திருக்கிறதா, அதில் கை. எண்ணெய் கசிகிறதா, அதிலும் கை. "இது அய்பு. நல்லாப் பாத்துக்கோங்க. அய்ப மறைச்சு வித்தா அந்தச் சல்லியில பறக்கத் இல்ல" என்பார். அய்பு என்றால் குறை, சல்லி காசு, பறக்கத் இறைவன் தரும் விருத்தி. வாங்குகிறவன் கை கறுத்த பிறகுதான் விலைப் பேச்சே எடுப்பார். பாதிப் பேர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருகிறவர்களோடு மனைவிமார் வந்தால் முற்றத்தில் நிற்பதில்லை. நேரே வீட்டுக்குள் போய் பாயிஸா தாத்தாவோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். பாயிஸா தாத்தா நானாவின் மனைவி. அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. தீபாவளிக்கு நாங்கள் பலகாரம் அனுப்பினால் அந்தத் தட்டை ஒருநாளும் வெறுந்தட்டாகத் திருப்பியதில்லை. கார்ப் பேச்சு ஆண்களுக்கு, தேநீர்ப் பேச்சு பெண்களுக்கு. அது அங்கே யாரும் யோசித்துப் பார்க்காத வழக்கம்.

அந்தக் கரும்பச்சைக் கார் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் துரை ஓட்டியது. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே ஆசனம், துணிக்கூரை. நானா அதை விற்கத்தான் வாங்கினார். பிறகு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெள்ளைத் தொப்பியோடு அதில் ஏறிக் கண்டி வாவியைச் சுற்றிவிட்டு வருவார். புதுமாப்பிள்ளை போகிறார் என்று நான் கத்துவேன். விலை கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதன் அய்பை ஒன்றுவிடாமல் சொன்னார். மழைக்கு ஒழுகும். இரண்டாம் கியர் கடிக்கும். எஞ்சின் அதனுடையதல்ல, வேறொரு காருடையது. இடப்பக்கக் கதவு வலது வளைவில் தானாகத் திறக்கும். இப்படிச் சொல்லிச் சொல்லியே அவர்களை அனுப்பிவிட்டுச் சந்தோஷமாக உள்ளே போவார்.

போன வருடம் பாயிஸா தாத்தாவின் தங்கை றலியாவுக்குப் பன்விலயில் பேரன் பிறந்தான். பிள்ளை பார்க்கப் போகவேண்டும், வீட்டு வான் வண்டி பழுது. "ஒரு நாளைக்காவது என்னயும் அந்தப் பச்சைக் கார்ல ஏத்துங்களே" என்று பாயிஸா தாத்தா சிரித்துக்கொண்டு கேட்டது தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

வத்தேகமையைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறும் வலது வளைவொன்றில் கதவு திறந்தது. மடியில் இருந்த பிள்ளை உடுப்புப் பொட்டலம் நழுவியிருக்கிறது. இரண்டு கையும் அதைப் பிடிக்கப் போயிருக்கிறது. ஆசனத்தைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பாயிஸா தாத்தா இறந்துவிட்டார்.

ஜனாஸா அடக்கம் செய்த அன்று மகள் பர்ஹானா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவள் அக்குறணையில் கட்டிக் கொடுத்த பெண்.

"வாப்பா, கதவப் பத்தி உம்மாக்குச் சொன்னீங்களா?"

அவர் எழுந்து வெளியே போனார். அவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அந்தக் கார் நிற்கும் வளவில் கால் வைக்கமாட்டேன் என்று மருமகனிடம் சொல்லி அனுப்பினாள். மனைவியும் இல்லை, மகளும் இல்லை. பெரிய வீட்டில் அந்த மனிதர் தனியாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

பொலிஸ் காரைத் திருப்பிக் கொடுத்ததும் கொட்டிலில் விட்டு, ஒரு நல்ல மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டுக் கதவுப் பூட்டைப் புதிதாக மாற்றினார். பாஸ் இழுத்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார். இனி யானை இழுத்தாலும் திறக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு தகரத்துக்கு அந்தப் பக்கம் டக் என்று ஒரு சத்தம். பிறகு கீல் மெல்ல முனகியது.

பூனையாக இருக்கும் என்றேன். அடுத்த நாள் எலி என்றேன். அதற்கும் அடுத்த நாள் நானே போய்க் கதவைச் சாத்தி, தோளால் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கொட்டில் வாசலைத் தாண்டுவதற்குள் என் முதுகுக்குப் பின்னால் டக். திரும்பிப் பார்த்தேன். ஓர் ஆள் இறங்குகிற அளவுக்குக் கதவு அகலத் திறந்திருந்தது. வேலுண்டு வினையில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடிவந்தேன். பயந்ததைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ரஸீன் நானா பயப்படவில்லை. தினமும் அந்த நேரத்துக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார். மறுநாளும் அது திறக்கும்.

விற்றால்தான் மகள் வருவாள். ஆகவே விற்கத் தொடங்கினார். வந்தவன் கையைப் பிடித்து ஒவ்வோர் அய்பிலும் வைத்து, கடைசியில் இடப்பக்கக் கதவில் வைத்து, "இதால விழுந்துதான் என்ட மனிசி மௌத்தான. பூட்டு புதுசு. எண்டாலும் தெறக்கிது" என்பார். வைத்த கையைச் சுட்டது போல எடுப்பார்கள். அதற்குப் பிறகு அழைத்தாலும் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நானா, பூட்டு மாத்தியாச்சு. பாஸே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. இனி தாத்தா கதையை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்றீங்க?"

"அதுவும் அய்புதான் கணேஸ்."

"அப்ப பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைங்க."

"இரும்புக் கடைக்காரன் அத இரும்பாவா விப்பான்? இன்னொரு ஆள் எடுத்துச் செஞ்சு ஓட்டுவான். அவனுக்கு யாரு சொல்ற?"

இந்த மனிதரோடு பேசி வெல்ல முடியாது.

பிறகு சுதேஷ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேராதனையில் பல் வைத்தியர், பழைய கார் என்றால் பைத்தியம். கூடவே மனைவி கஜலட்சுமி. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுக்க ஆள் இல்லாததால் அந்தப் பெண் கேற்றடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரஸீன் நானா வழக்கம்போல எல்லாம் காட்டினார். கதவுக் கதையையும் சொன்னார். சுதேஷ் கையை எடுக்கவில்லை.

"அண்ணை, நான் கதவையே முழுசா மாத்துவன். உந்தப் பேய்க்கதையளிலை எனக்கு நம்பிக்கை இல்லை. விலையைச் சொல்லுங்கோ."

கையில் இருந்த டயரை வைத்துவிட்டுத் தகர இடுக்கில் கண் வைத்தேன். ஒருவழியாக முடிந்தது, பர்ஹானா வருவாள் என்று நினைத்தேன். நானா விலை சொல்லவில்லை. கேற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகள், கொஞ்சம் இஞ்ச வாங்க."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். பிற பெண்ணின் கையை அவர் தொடமாட்டார். கதவுப் பூட்டை விரலால் காட்டினார்.

"அதுல கை வைங்க."

அவள் வைத்தாள்.

"இது தானாத் தெறக்கும். வலது பக்கம் வளைவு வந்தா ஆளை வெளிய தள்ளும். வாங்குற ஆள் இவர். இந்தப் பக்கம் இருக்கப் போறது நீங்க." அவர் குரல் உடைந்தது. "நான் இத்தனை வருசம் வாங்க வந்த ஆம்பிளயளுக்கெல்லாம் கையப் பிடிச்சுச் சொன்ன. பொம்பளயள் உள்ளுக்குத் தேத்தண்ணி குடிச்ச. என்ட மனிசிதான் ஊத்திக் குடுத்த. அவவுக்கு நான் சொல்லல்ல மகள். அவ வாங்க வந்த ஆள் இல்லயே. சொல்லோணும் எண்டு எனக்கு மண்டையில ஓடவே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. ஜனாஸா அன்று மகள் கேட்டதற்கான பதில் இதுதான். அதை யாரோ ஒருத்தியிடம் சொல்லிவிட்டார்.

கஜலட்சுமி பூட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் இதிலை ஏறமாட்டன்," என்றாள் கணவனிடம். "நீங்கள் தனிய ஓடுறதெண்டா வாங்குங்கோ."

"ஓம், தனியத்தான் ஓடுவன்," என்றார் சுதேஷ்.

அப்படியே வாங்கினார். பச்சைக் காரில் அவர் தனியாகப் போக, வந்த காரை அவள் ஓட்டிக்கொண்டு பின்னால் போனாள். பாலத்தடியில் இரண்டும் மறையும்வரை நானா கேற்றில் நின்றார்.

வெள்ளிக்கிழமை பர்ஹானா பிள்ளையோடு வந்தாள். குசினியில் நெடுநாளைக்குப் பிறகு இறைச்சி தாளிக்கும் வாசம். நானா பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். நான் கடையைப் பூட்ட ஆயத்தமானேன். பாங்கு முடிந்தது.

டக்.

பிறகு அந்தக் கீல்.

நான் தகர இடுக்கால் பார்த்தேன். கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. சீமெந்துத் தரையில் எண்ணெய்க் கறை மட்டும். குசினி வாசலில் பர்ஹானா அகப்பையோடு உறைந்து நின்றாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

நானா பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போனார். காரின் இடப்பக்கம் இருந்த இடத்தில் போய் நின்றார். குனிந்து, ஆசனத்தில் இருக்கும் ஆளோடு பேசுகிற மாதிரி பேசினார்.

"பாயிஸா, இந்தக் கதவு சரியில்ல. வளைவு வந்தா தெறக்கும். பொட்டலத்த என்ட கையில தாங்க. நீங்க நல்லாப் பிடிச்சு இருங்க."

பர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பிள்ளையோடு போய் வாப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் பாங்கு முடிந்ததும் சத்தம் வந்தது. அவர் போய்த் திரும்பவும் சொன்னார்.