இளைக்குது மாப்பிள்ளை

கல்கத்தா காளிகாட்டில் என் மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதயம் பலவீனமான பிறகு, மகளோடு இருக்கலாம் என்று திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்ட எனக்கு அந்தப் படிக்கட்டுதான் எல்லாம். ஏற முடிந்தால் இங்கே இருக்கலாம். முடியாவிட்டால் பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டுக்குத் தனியாகத் திரும்ப வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பயம்.

ஏறும்போது ஒரு விஷயம் விளங்கவில்லை. மூச்சு வாங்குகிறது, தொடை கெஞ்சுகிறது. ஆனால் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி சாவகாசமாக நடக்கிறது. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு ஓடினாலே நெஞ்சு தடதடக்குமே. மாத்திரைதான் ஏதோ செய்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஜவுளிக்கடையில் துணி கிழித்தவருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்பாள் மகள். உள்ளே ஓடுவது என் ரத்தம், நான் கேட்காமல் யார் கேட்பது?

டாக்டரிடம் அழைத்துப் போனது மாப்பிள்ளை. தமிழர்தான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாக்காரர். வங்காளம் தடையில்லாமல் கொட்டும், தமிழ் அளந்துதான் வரும். "படி ஏறுனா இளைக்குது மாப்பிள்ளை" என்றேன். அவர் டாக்டரிடம் என்னவோ சொன்னார். நடுவில் 'ரோகா' என்ற சொல் காதில் விழுந்தது. ரோகத்தைத்தான் சொல்கிறார் என்று நானும் பலமாகத் தலையாட்டினேன். டாக்டர் எடை பார்த்தார், கொஞ்சம் குறைந்திருந்தது. உடம்பில் நீர் அதிகமாக வற்றிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, நீர் பிரியும் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்.

அடுத்த வாரமே கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு டிக்கெட் போடச் சொல்ல வேண்டியதுதான் என்று மனசு விட்டுப்போனது.

மகள் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். "நீர் மாத்திரைய ஏன் குறைச்சாங்க?"

"மாமாதானே இளைக்குதுன்னார்? ரோகா ஆயிட்டார்னு சொன்னேன்."

"எப்பா, வங்காளத்துல ரோகான்னா ஒல்லி" என்றாள் மகள் என்னிடம். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "அப்பாவுக்கு மூச்சு இளைக்குதுங்க, உடம்பு இல்ல."

மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது. எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

அன்றே மூவரும் டாக்டரிடம் போனோம். மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பியது. நான் விட்டேனா? நாடிக் கேள்வியை மகள் மூலம் கேட்டுவிட்டேன். டாக்டர் கரியாஹாட் போகும் ஷேர் ஆட்டோவை உதாரணமாகச் சொன்னார். அவசரப்பட்டு அடிக்கும் இதயம் பாதி காலியாகக் கிளம்புகிற ஆட்டோ. மாத்திரை அதை இழுத்துப் பிடித்து, ஆள் நிரம்பிய பிறகு விடுகிறது. இன்னொரு மாத்திரை ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வழிவிடுகிறது. அதனால் நடந்துகொண்டே இருந்து சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். எவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்பதை இனி உங்கள் நாடி சொல்லாது, மூச்சுதான் சொல்லும் என்றார்.

கால் வீக்கம் வடிந்த பிறகு மறுபடி படியேறினேன். மாப்பிள்ளை எனக்கு முன்னால் ஏறினார். இரண்டாவது மாடியில் திரும்பி, தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டிக் கேட்டார்.

"மாமா, இளைக்குதா? மூச்சு?"

"இளைக்குது மாப்பிள்ளை. ஆனா ஏறிரலாம்."